கூப்பிடாத சாப்பாடு

தம்பி, அந்தப் பேப்பரில் நடுத்தாளை மட்டும் உருவிக் கொடுங்கள். ராசிபலன் பக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் ராசி எனக்குத் தெரியும். கண்ணாடி கொண்டுவரவில்லை, பெரிய எழுத்து மட்டும் போதும். என்ன போட்டிருக்கிறான்? 'தளபதிகள் மீது குறிவைத்த பொருளாதாரத் தடை.' பார்த்தீர்களா. நாட்டின் மேல் இல்லையாம், ஆள் பார்த்துத் தடையாம். வங்கிக் கணக்கை முடக்கிவிட்டானாம், வெளிநாடு போகக் கூடாதாம்.

பலிக்காது தம்பி. நான் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தெரியும் என்றால், இதே மாதிரித் தடை விழுந்த ஒரு ஆளுக்குச் சோறாக்கிப் போட்டவன் நான். ஒருவேளை இரண்டுவேளை இல்லை, வாரக்கணக்கில். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. பாளையங்கோட்டையில் என் தெருவில் எல்லாரும் முதலில் சிரித்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

செய்துங்கநல்லூர் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் நேரம் கிடக்கிறது. நான் திருச்செந்தூர் போகிறேன். முருகனைப் பார்த்து நாளாயிற்று. அதற்குத்தான் பட்டு வேட்டி. முருகன் முன்னால் கைலியோடு நிற்க முடியுமா?

என்னைப் பார்த்தால் தெரியாது, தூத்துக்குடித் தோணியில் பண்டாரியாக இருந்தவன். பண்டாரி என்றால் தோணிச் சமையல்காரன். தோணியில் தண்டல்தான் பெரிய ஆள், அவர் சொன்ன பக்கம்தான் தோணி திரும்பும் என்பார்கள். பசிக்கிற வரைக்கும்தான் அதெல்லாம். எங்கள் தண்டல் பெயர் தொம்மை. செங்கலும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு தீவுப்பக்கம் போவோம்.

அங்கே இரண்டு நாடு. பெயரைச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். பெரிய தீவு, சின்னத் தீவு என்று வைத்துக்கொள்வோம். பெரிய தீவு நம்ம ஏரல் ஊர் அளவு இருக்கும். சின்னத் தீவை ஒரு ஆள் சைக்கிளில் சுற்றி வந்தால் வியர்க்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. கடல் வற்றும்போது தலையைக் காட்டும், ஏறும்போது முழுகிவிடும். ஒரு நண்டுகூட அங்கே நிரந்தரமாகக் குடியிருக்காது. அதற்குத்தான் சண்டை.

சின்னத் தீவில் ராஜா கிடையாது, தேர்தல் கிடையாது, ஒரு அட்மிரல்தான். அவர் என்ன செய்தார், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் அந்த மணல்திட்டில் போடச் சொன்னார். முதுகில் ஒரு கொடி. மேலே ஒரு சிப்பாய். இனி இது எங்கள் மண் என்றார். கடல் ஏறும்போது சிப்பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறி நிற்பான், வற்றியதும் மறுபடி இறங்கிப் போட்டு உட்காருவான். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு படையெடுப்பு.

பெரிய தீவுக்காரன் உலகத்துப் பெரிய நாடுகளிடம் போய் அழுதான். அவர்கள் கூடிப் பேசினார்கள். தீவுக்கே தடை போட்டால் பாவம் ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள், அட்மிரலை மட்டும் குறிபார்த்து அடிப்போம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. அட்மிரல் வெளிநாடு போகக் கூடாது. அட்மிரல் பேரில் உள்ள சொத்தெல்லாம் முடக்கம். அட்மிரலுக்கு அத்தர், கைக்கடிகாரம், பந்தயக் குதிரை எதுவும் விற்கக் கூடாது.

இப்போது கேளுங்கள். அட்மிரலுக்குக் கடல் ஒத்துக்காது. படகைப் பார்த்தாலே எலுமிச்சம்பழம் தேடுவார். தீவில் விமானம் இறங்க இடம் கிடையாது. அவர் எங்கே வெளிநாடு போவார்? சொத்தெல்லாம் மச்சினன் பேரில் இருந்தது. மச்சினன் என்கிற உறவு எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் தம்பி, நம்பவும் முடியாது, விடவும் முடியாது. குதிரை என்றால் என்ன என்று அந்தத் தீவில் யாருக்கும் தெரியாது. ஒருத்தர் அது ஒருவகை மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தடை அறிவித்த தாளை அட்மிரல் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். அதற்கு மாலை வேறு. "உலகமே கூடி என் ஒருத்தன் பேரை எழுதியிருக்கு" என்று வருகிற ஆளுக்கெல்லாம் காட்டினார். அவர் பாஷை எனக்கு வராது, ஆனாலும் சொன்னது அத்தனையும் புரிந்தது. அந்தத் தாளில் தன் பேர் இல்லை என்று மீன்வள மந்திரி மூலையில் உட்கார்ந்து அழுதார். "நாற்காலியில கொடிக்கு ஆணி அடிச்சது நான்தானே. என் பேரை விட்டுட்டானுவளே." அவர் மகனுக்குப் பார்த்திருந்த சம்பந்தம்கூட அதனால் தட்டிப்போயிற்று. பேர் வராத வீட்டில் பெண் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

அடி யாருக்கு விழுந்தது தெரியுமா? பெரிய தீவில் ஒரு கருவாட்டு வியாபாரி. பாவப்பட்ட மனுஷன். அட்மிரலும் அவரும் ஒரே பேர். அவர் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான் அவன் இல்லை, நான் அவன் இல்லை என்று ஆபீஸ் ஆபீஸாக நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

ஏ கண்டக்டர் தம்பி, குரும்பூர் வந்தால் ஒரு குரல் கொடுப்பா. இறங்குவதற்கு இல்லை, டிக்கெட் திருச்செந்தூருக்குத்தான் எடுத்திருக்கிறேன். சும்மா, தெரிந்துகொள்ளலாம் என்று. மூன்று தடவை கேட்டுவிட்டேனா? கேட்டால் என்னப்பா, நாக்கா தேய்ந்துவிடும்.

வேண்டாம் தம்பி, வடையை நீங்கள் சாப்பிடுங்கள். விரதம். நேற்றிலிருந்து.

எங்கே விட்டேன்? ஆங், தோணி. நாங்கள் செங்கலை இறக்கி முடிப்பதற்குள் பெரிய தீவு தன் ரோந்துப் படகைக் கொண்டுவந்து சின்னத் தீவுத் துறைமுகத்துக்குக் குறுக்கே நிறுத்திவிட்டது. நாற்காலி எழுந்திருக்கிற வரைக்கும் ஒரு தோணியும் வெளியே போகக் கூடாதாம். நாற்காலியில் உட்கார்ந்தவன் எவனோ, மாட்டிக்கொண்டது வெங்காயம் கொண்டுபோனவன். தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் கடல் மூடிவிடும், அப்புறம் காற்று அடங்குகிற வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். செந்தூர்க்கனிக்கு, அது என் வீட்டுக்காரி, அப்போது நிறைமாசம். தலைப்பிரசவம். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன்.

அந்தத் தடையால் உருப்படியாக நடந்த ஒரே காரியம், அட்மிரல் பேரில் மிச்சமிருந்த ஒரு கணக்கும் முடங்கி, அவர் வீட்டுச் சமையல்காரனுக்குச் சம்பளம் போகவில்லை. அவன் ராவோடு ராவாகப் பெரிய தீவுக்கு நீந்திப் போய்விட்டான். மறுநாள் எங்கள் தோணியில் நான் சாளை மீன் குழம்பு வைத்திருக்கிறேன், வாசனையைப் பிடித்துக்கொண்டே இரண்டு சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

தொம்மைத் தண்டல் என் தோளைத் தட்டினார். "போயிட்டு வாரும்வே அழகுவேலு. அந்த ஆளு மனசு குளிர்ந்தா நாற்காலியை எடுத்தாலும் எடுப்பான்."

"குளிரலன்னா?"

"உப்பைக் கூடப் போட்டுட்டு ஓடி வந்துரும்."

தோணியில் ஒரு வழக்கம் உண்டு. சோறு வெந்ததும் பண்டாரி கரண்டியால் சட்டியைத் தட்டி, 'சாப்பிட வாங்க' என்று ஒரு சத்தம் கொடுப்பான். அந்தச் சத்தம் வராமல் ஒருத்தன் தட்டைத் தொட மாட்டான், தண்டல் உட்பட. அட்மிரல் வீட்டிலும் கை பழக்கத்தில் அதையே செய்தேன். முதல் நாள் அவர் கண்ணை மூடிக் கையைக் கட்டிக்கொண்டார். ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட்டார். நாள் போகப் போக அந்தச் சத்தத்துக்காகவே கூடத்தில் காத்திருக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்தால் சல்யூட் அடிக்க ஆள் உண்டு, பயப்பட ஆள் உண்டு. சாப்பிடக் கூப்பிட ஆள் கிடையாது. பெண்டாட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் தட்டிக் கூப்பிட்டதும் சின்னப்பிள்ளை மாதிரி ஓடி வருவார், மெடல் எல்லாம் குலுங்கும்.

ஆனால் நாற்காலி மட்டும் எழுந்திருக்கவில்லை. காற்று மாறிக்கொண்டு வருகிறது. தண்டல் தினமும் வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. இது எந்த நாட்டு ராஜதந்திரிக்கும் வராது. அட்மிரலைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் இதில் சூட்சுமம். நெய்மீன் பொரித்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, தட்டில் பரிமாறி, மூடி வைத்துவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மற்ற எல்லாரையும் கூப்பிட்டேன். சிப்பாயைக் கூப்பிட்டேன். மீன்வள மந்திரியைக் கூப்பிட்டேன். வாசலில் படுத்துக்கிடந்த நாயை, "சாப்பிட வாங்க" என்றேன், மரியாதையாக. அட்மிரலை மட்டும் இல்லை. குறிவைத்த தடை என்றால் அது.

முதலில் இருமிப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். சுவரைப் பார்த்து, "எனக்கொண்ணும் பசிக்கல" என்றார். சோறு எதிரே இருக்கிறது, கை கூடவே இருக்கிறது, எடுத்துச் சாப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? முடியாது தம்பி. நீங்கள் பட்டதில்லை, உங்களுக்குத் தெரியாது. தட்டு மூடியிருக்கும். மூடியில் நீர் கோத்திருக்கும். பக்கத்தில் தம்ளரில் தண்ணீர்கூட ஊற்றி வைத்திருப்பாள், அதுதான் கொடுமை. அப்பளம் நமத்துப் போயிருக்கும். உள் அறையில் டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், அதில் எவனோ ஒருத்தன் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். நாம் ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்போம். வைத்தால் அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

என்ன கேட்கிறீர்கள்? அட்மிரல் வீட்டில் சீரியலா? இருந்தது தம்பி. டிஷ் வைத்திருந்தார்கள். 'வைத்திருப்பாள்' என்றா சொன்னேன்? வைத்திருப்பான் என்றுதான் சொன்னேன். பஸ் இரைச்சலில் உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும்.

கடைசியில் ஒரு மத்தியானம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார். மெடல் எல்லாம் சட்டையில் தொங்குகிறது.

"உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் வேண்டாம்."

"அப்போ ஏன் கூப்பிட மாட்டேங்கே?"

"எப்படிய்யா கூப்பிடுவேன்? மேசையைப் பாருங்க. ஒரு நாற்காலி குறையுது. உட்கார இடமில்லாம ஒரு மனுஷனைச் சாப்பிட வாங்கன்னு சொல்றது மரியாதையா?"

அட்மிரல் மேசையைப் பார்த்தார். மற்ற நாற்காலியெல்லாம் காலியாகத்தான் கிடந்தது. அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன். பெரிய மனுஷன் ஒருத்தன் இறங்கி வருகிறான் என்றால் அவன் காலுக்கு ஒரு படி போட்டு வைக்க வேண்டும், இல்லையா? அந்தப் பெரிய நாடுகள் போட்ட தடையில் அந்தப் படி இல்லை. அடைத்தானே தவிர, எப்படித் திறக்கும் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நாற்காலி வீடு வந்து சேர்ந்தது. காலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கழுவித் துடைத்து மேசையில் போட்டேன். கரண்டியை எடுத்துச் சட்டியை ஒரு தட்டுத் தட்டி, "சாப்பிட வாங்க" என்றேன். அட்மிரல் அழுதுகொண்டே சாப்பிட்டார். மிளகாய் கொஞ்சம் கூடத்தான், ஆனால் அழுதது அதற்கில்லை.

மறுநாள் தோணியை விட்டுவிட்டார்கள். காற்றுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தோம். நான் வாசலில் காலை வைக்கிறேன், செந்தூர்க்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்ன முதல் வார்த்தை, "கைகால் கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

அந்தப் பெரிய நாடுகளின் தடை இன்னும் அப்படியே கிடக்கிறதாம். நாற்காலி எழுந்துவிட்டது என்று எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் கேட்பது புரிகிறது. தடை பலிக்காது என்று ஆரம்பித்துவிட்டு, உங்கள் தடை மட்டும் பலித்ததே பெரியவரே என்கிறீர்கள். அது எப்படித் தம்பி தடையாகும்? முகம் தெரியாதவன் எங்கோ ஒரு கதவை அடைத்தால் நமக்கென்ன, அந்தப் பக்கம் நாம் போகப்போவதில்லை. அடுப்படிக் கதவு வேறு விஷயம். அதற்குப் பேர் தடை இல்லை. அதற்குப் பேர்... என்னவோ.

ஆழ்வார்திருநகரி வந்தாச்சா. சரி, சரி.

இதில் எனக்கு ஒரே வருத்தம், இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே என் வீட்டுக்காரி அந்த வித்தையைக் களவாண்டுவிட்டாள். என் ஆயுதத்தை என் மேலேயே திருப்புகிறாள். அவள் ஒருநாள்கூடக் கதையை முழுசாகக் கேட்டதில்லை, பாதியில் எழுந்து போய்விடுவாள், அது வேறு விஷயம். எப்படியோ பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். அவள் தம்பி லிங்கதுரைக்குக் குரும்பூர். அவன் மகளுக்குக் கல்யாணம். எப்போது? என்றைக்கோ. இன்றைக்குத்தான் என்று வையுங்களேன். மாமன் என்று நான் ஒருத்தன் இருக்கிறேன். நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, "அத்தான், வந்து முன்னால நிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். ஒரு பிள்ளையார், அவர் தலையை ஆட்டுகிறார், நாதஸ்வரம் கேட்கிறது. இதற்குப் பேர் அழைப்பா?

நேரில் வந்தான் என்கிறாள் அவள். இரண்டு தடவை வந்தானாம். முதல் தடவை நான் டீக்கடையில் அட்மிரல் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தடவை மாடியில் இருந்தேன். அவன் குரல் கேட்டது. இறங்கவில்லை. வந்தவன் ஏறி வரட்டும் என்று இருந்தேன். அவனுக்கு முழங்கால் வலியாம். உடனே வாட்ஸ்அப். மாடியிலிருந்து இறங்காதவனுக்கு மாடிக்கே அனுப்புகிறானாம்.

"நான் வரல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. சமையலில் குறை இல்லை, நன்றாகத்தான் செய்கிறாள், முன்னைவிட நன்றாக. கூப்பிடுவதில்லை. கோழிகளுக்கு அரிசி போடும்போது, என் காதில் விழுகிற மாதிரி, "வாங்க, சாப்பிட வாங்க" என்கிறாள். கோழிகளும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கின்றன. முந்தாநாள் மீன் குழம்பு வைத்து மூடி வைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். போன்கூட இல்லை.

எனக்கு ஒன்றுமில்லை. நான் அட்மிரலையே பார்த்தவன். இதெல்லாம் என்னிடம் பலிக்காது.

நேற்று எதிர்வீட்டுப் பேச்சியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், நாளைக்குக் காலை எட்டு மணி பஸ்ஸில் முருகனைப் பார்க்கப் போகிறேன் என்று. வழியில் குரும்பூர் வரும் என்றும் சொன்னேன், அது ஊருக்கே தெரிந்த வழிதானே. பேச்சியிடம் சொன்னால் குரும்பூருக்குப் போவதற்கு முன்னால் கொழும்புக்கே போயிருக்கும். அவள் யாரிடம் சொன்னாளோ, எனக்குத் தெரியாது. ஸ்டாப்பில் ஆள் நின்றால் நிற்கட்டும். நிற்காவிட்டால் டிக்கெட் இருக்கிறது, முருகன் இருக்கிறார். அதற்குத்தான் யோசித்துத் திருச்செந்தூருக்கே டிக்கெட் எடுத்தது. இந்தப் பையிலா? வெள்ளிக் குத்துவிளக்கு. முருகனுக்குத்தான். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் எதற்கு வெட்டியிருக்கிறது என்றால், கடைக்காரன் தெரியாமல் வெட்டிவிட்டான்.

என்னப்பா? குரும்பூரா? அதற்குள்ளாகவா?

தம்பி, நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நான் பார்க்க மாட்டேன். வெள்ளை வேட்டி, வழுக்கை, ஒரு காலைச் சாய்த்து நிற்பான். யாரும் இல்லையா? நன்றாகப் பாருங்கள். பூக்கடைப் பக்கம். டீக்கடைப் பக்கம். இல்லையா. சரி. இல்லாவிட்டால் போகிறது. முருகன் இருக்கிறார். கண்டக்டர், விசில் கொடுப்பா, போகலாம்.

இரு, இரு, இருப்பா. விசிலை வாயிலிருந்து எடு.

அந்தக் குடைக்குப் பின்னால் நிற்பது யார்? கல்யாணவீட்டு மாலையோடு? ஓடி வருகிறான் பாருங்கள், முழங்கால் வலிக்காரன். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், நீங்களும் பேசாமல் இருங்கள். ஜன்னல் கிட்டே வந்துவிட்டானா? என்ன சொல்கிறான்? எனக்குக் காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கட்டும்.

"அத்தான், நேர்ல வந்துருக்கேன். இறங்குங்க. முதல் பந்தியில உங்க இலையை விட்டு வச்சுட்டு அக்கா பக்கத்துல நிக்கா. உங்கள ஒண்ணு சொல்லிக் கூப்பிடச் சொன்னா."

என்ன சொன்னாள் என்று கேளுங்கள் தம்பி. அதை மட்டும் கேளுங்கள்.

"சாப்பிட வாங்கன்னா."

கேட்டீர்களா? கேட்டீர்களா தம்பி? பணிந்துவிட்டாள். இந்தத் தடையெல்லாம் பலிக்காது என்று நான் முதலிலேயே சொன்னேன். என் செருப்பு ஒன்று உங்கள் காலடியில் கிடக்கிறது பாருங்கள், சீக்கிரம் எடுத்துத் தாருங்கள், இலை காய்ந்துவிடும்.